ரயிலடிப் பப்புகளில் ஐந்து இரவு: எந்த வழியைத் தேர்வது?

அக்காவும் அத்தானும் மே மாதம் இங்கிலாந்துக்கு வருவதென்று முடிவானவுடன், லண்டனிலேயே அடைந்து கிடக்காமலும் வாடகைக் கார் எடுக்காமலும், ஐந்து இரவுகள் ரயிலில் சுற்றிக் கிராமத்துப் பப்புகளிலும் கடலோரப் பப்புகளிலும் தங்கலாமே என்றொரு யோசனையைத் தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. "பப்பிலா போய்ப் படுப்பது?" என்று கேட்டாள் அக்கா. தஞ்சாவூர்ப் பக்கம் மதுக்கடை என்றால் மனத்தில் எழும் படம் வேறு என்பதால், அந்தக் கேள்வியில் தவறொன்றும் இல்லை.

ஆங்கிலேயக் கிராமத்துப் பப் என்பது நம்மூர்ச் சத்திரத்தையும் டீக்கடை பெஞ்சையும் மதுக்கடையையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது போன்ற இடம். குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில் வழிப்போக்கர்களுக்குப் படுக்கையும் குதிரைகளுக்குத் தீனியும் கொடுத்த இடங்களில் பல, இன்றும் மாடியில் நான்கைந்து அறைகளை வாடகைக்கு விடுகின்றன. கீழே குழந்தைகள், நாய்கள், செய்தித்தாள் படிக்கும் முதியவர்கள் எனக் கலவையான கூட்டம் இருக்கும். டீ கேட்டால் டீயும் கிடைக்கும். மேலே உத்தரங்கள் தலையில் இடிக்கும் அறை, ஒரு பக்கம் சரிந்த தரைப்பலகை, கெட்டில் வைத்த தட்டில் இரண்டு பிஸ்கட், மரக்கட்டை கோத்த சாவி. லிஃப்ட் இருக்காது. முழங்கால் வலிக்காரரான அத்தானுக்கு இந்தக் கடைசி விஷயம் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது.

எனவே வழியைத் தேர்வதற்கு முன்பாக, எதை வைத்துத் தேர்வது என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் இதே போன்ற ஒரு பயணத்தில், ஒரு திங்கட்கிழமை மாலை ஏழரை மணிக்கு வடக்கே ஒரு சிற்றூர்ப் பப்பில் போய் இறங்கினோம். அறை தயாராக இருந்தது. அடுப்பு மட்டும் அணைந்திருந்தது. திங்கட்கிழமைகளில் அங்கே சமையல் கிடையாது என்பதை முன்பதிவு செய்தபோது நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. அடுத்த ஊருக்குப் போக அன்று ரயிலும் இல்லை. கடையை நடத்திய அம்மாள் இரக்கப்பட்டு இரண்டு சீஸ் சாண்ட்விச்சும் ஒரு கிண்ணம் ஊறுகாய் வெங்காயமும் கொடுத்தார். அந்த இரவில் கற்றுக்கொண்டபடி, இப்படிப்பட்ட பயணத்தில் நான் முதலில் பார்ப்பது இயற்கைக் காட்சியை அல்ல. ரயிலடியிலிருந்து பப் வாசல் எவ்வளவு தூரம், ஒரு ரயிலை விட்டால் அடுத்தது எப்போது, சமையலறை எந்தக் கிழமையில் எத்தனை மணிக்கு மூடும் ஆகிய மூன்றையும்தான். அழகு இந்த நாட்டின் கிளைப் பாதைகளில் ஏறக்குறைய எங்கும் உண்டு; ஆகவே அது தேர்வுக்கு உதவாது.

இந்த மூன்று கேள்விகளோடு மூன்று வழிகளை எடுத்துக்கொண்டேன். தென்மேற்கில் டெவன், கார்ன்வால் கிளைப் பாதைகள்; வடகிழக்கில் மிடில்ஸ்பரோவிலிருந்து விட்பி வரை செல்லும் எஸ்க் பள்ளத்தாக்குப் பாதை; வடமேற்கில் செட்டில், கார்லைல், கம்பிரியக் கடற்கரை ஆகியவற்றை இணைக்கும் வளையம்.

முதல் முறை இப்படிப் போகிறவர்களுக்குப் பலரும் சொல்வது டெவன், கார்ன்வாலைத்தான். அதற்குக் காரணமும் உண்டு. எக்ஸெட்டரிலிருந்து எக்ஸ்மவுத்துக்கும், செயின்ட் எர்த்திலிருந்து செயின்ட் ஐவ்ஸுக்கும், ட்ரூரோவிலிருந்து ஃபால்மவுத்துக்கும் ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு ரயில் ஓடுகிறது. பார்ன்ஸ்டப்பிளுக்குப் போகும் டார்க்கா பாதையில் மணிக்கு ஒன்று. ஒன்றை விட்டால் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்ததில் ஏறலாம் என்ற நிம்மதி வேறு எங்கும் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை. எக்ஸ்மவுத் பாதையில் உள்ள டாப்ஷாம் ஊரில் ரயிலடியிலிருந்து சில நிமிட நடையில் தங்கும் அறைகள் உள்ள பழைய விடுதி இருக்கிறது. இன்னும் கொஞ்சம் நடந்தால் கிளிஸ்ட் ஆற்றோரம் பிரிட்ஜ் இன் என்ற பப் வரும். எலிசபெத் அரசி 1998-இல் அங்கே வந்து போனதை ஊரார் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். கிளைப் பாதைகளையும் பப்புகளையும் சேர்த்துச் சுற்ற வசதியாக, ரயில் ஏல் ட்ரெயில் (ஏல் என்பது ஒருவகை பீர்) என்ற பெயரில் பாதைவாரியாகப் பப்புகளைத் தொகுத்துத் தந்திருப்பதும் இந்தப் பகுதிதான்.

மற்றப் பாதைகளில் இல்லாத விளையாட்டுகளும் இங்கே உண்டு. லிஸ்கர்டிலிருந்து லூ என்ற மீன்பிடி ஊருக்குச் செல்லும் ரயில், பிரதானப் பாதைக்குச் செங்குத்தாகத் தனியே நிற்கும் ஒரு நடைமேடையிலிருந்து கிளம்பி, சரிவில் வளைந்து இறங்கி, கூம் சந்திப்பு என்ற இடத்தில் நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கி நடந்து மறுமுனைக்குப் போய் அமர்ந்ததும், அதுவரை பின்னால் இருந்த பெட்டி முன்னால் ஆகி, ரயில் ஆற்றோடு கடலை நோக்கிப் போகும். இடையில் உள்ள சிறு நிலையங்களில் இறங்க வேண்டுமானால் கார்டிடம் சொல்லிவைக்க வேண்டும். ஏற வேண்டுமானால் டவுன் பஸ்ஸை நிறுத்துவது போலக் கை காட்ட வேண்டும். டேமர் பள்ளத்தாக்குப் பாதையில் கால்ஸ்டாக் ஊரின்மேல் 1908-இல் திறக்கப்பட்ட பன்னிரண்டு வளைவுப் பாலம் நிற்கிறது. நிலையம் மேட்டில், பப் ஆற்றங்கரையில். இறங்குவது சுகம், மறுநாள் காலை பெட்டியோடு ஏறுவது அத்தானுக்கு ஆகாது.

ஆனால் இந்த வழியின் உண்மையான குறை மேடு பள்ளம் அல்ல. கிளைப் பாதைகள் எல்லாம் ஒரே தண்டில் முளைத்த இலைகளைப் போன்றவை. லூவிலிருந்து ஃபால்மவுத் போக வேண்டுமானால் மறுபடி லிஸ்கர்டுக்கு வந்து, பிரதானப் பாதையில் ட்ரூரோ வரை சென்று, அங்கே மாறி, அடுத்த கிளையில் இறங்க வேண்டும். ஒவ்வொரு இரவுக்கும் இரண்டு மாற்றம், நடைபாலங்களில் ஏறி இறங்கும் நான்கு சூட்கேஸ். ஓர் ஊரிலேயே தங்கிக்கொண்டு பகலில் சுற்றினால் இந்தத் தொல்லை இல்லை என்பது சரிதான். அப்படிச் செய்தால் அது பப் பப்பாகத் தங்கும் பயணமாக இராது. தவிர, பள்ளி விடுமுறைக் காலத்தில் செயின்ட் ஐவ்ஸ் ரயிலில் நிற்க இடம் கிடைப்பதே பெரிது. டாலிஷ் அருகே கடலின் தோளில் உரசிச் செல்லும் பிரதானப் பாதை 2014 பிப்ரவரிப் புயலில் அறுந்து, ஏப்ரல் மாதத் தொடக்கம் வரை அதைத் தாண்டி மேற்கே ரயில் போக முடியாமல் இருந்தது. அதற்குப் பிறகு புதிய கடற்சுவர் எழுப்பப்பட்டுள்ளது என்றாலும், மேற்குக் கோடிக்குப் போகும் எல்லாப் பயணமும் அந்த ஒரே பாதையை நம்பித்தான் இருக்கிறது.

இரண்டாவது வழியான எஸ்க் பள்ளத்தாக்கைப் பற்றி அவ்வளவு விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஏனெனில் அது இரண்டு இரவுக்கு மிக நல்ல பாதை, ஐந்து இரவுக்குப் போதாத பாதை. மிடில்ஸ்பரோவிலிருந்து விட்பி வரை 35 மைல், ஒன்றரை மணி நேரம். ஆற்றை மாறி மாறிக் கடந்து, பேட்டர்ஸ்பியில் ஒருமுறை திசை திரும்பி, மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே ஊர்ந்து செல்லும். எக்டன் பிரிட்ஜில் இறங்கினால் ஆற்றைத் தாண்டுவதற்குப் போட்ட கல்வரிசையும், அதனருகே தங்கும் அறைகள் உள்ள ஹார்ஸ்ஷூ விடுதியும் பக்கத்திலேயே இருக்கின்றன. அந்த ஊரில் 1800 முதல் ஆண்டுதோறும் ஆகஸ்ட் முதல் செவ்வாய்க்கிழமை நடப்பது நெல்லிக்காய்ப் போட்டி. யாருடைய காய் அதிக எடை என்பதுதான் கேள்வி. (நம் ஊர் நெல்லிக்காய் அல்ல, முள்செடியில் காய்க்கும் வேறு வகை.) க்ரோஸ்மண்டில் இறங்கி, நீராவி வண்டிகள் ஓடும் வடக்கு யார்க்‌ஷையர் மூர்ஸ் ரயிலில் பிக்கரிங் வரை 18 மைல் போய் வரலாம். ஆயினும் விட்பி ரயில்கள் நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணும் அளவே. காலை ரயிலை விட்டால் பகல் போயிற்று. பாதையும் கடலில் போய் முட்டி நிற்பதால் போன வழியே திரும்ப வேண்டும். விட்பியிலிருந்து தெற்கே ஸ்கார்பரோவுக்குக் கடலோரமாக ஓடிய பாதை 1965-இல் மூடப்பட்டுவிட்டது. அது மட்டும் இன்றிருந்தால் இந்தக் கட்டுரையின் முடிவே வேறாக இருந்திருக்கலாம்.

சைவர்களுக்கு இந்தப் பக்கம் இன்னோர் எச்சரிக்கையும் தேவை. யார்க்‌ஷையரில் மீன் வறுக்கும் கடைகள் பலவும் இன்றும் மாட்டுக் கொழுப்பில்தான் பொரிக்கின்றன. சிப்ஸ் மட்டும் வாங்கினாலும் அதே கொப்பரைதான். பப்புகளில் அநேகமாகத் தாவர எண்ணெய் என்றாலும் கேட்டுவிடுவது நல்லது. இதே கணக்கில், மரபான முறையில் பீப்பாயில் வரும் ஏல் பலவற்றைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையைச் சேர்ப்பதுண்டு. விசேஷ நாட்களில் அரைப் பைன்ட் பீர் வரை போகும் அத்தானிடம் இதைச் சொன்னபோது, சொல்லாமலே இருந்திருக்கலாம் என்பது போல என்னைப் பார்த்தார்.

மூன்றாவது வழிக்கு வருகிறேன். வரைபடத்தில் பார்த்தால் அதன் சாமர்த்தியம் உடனே தெரியும். செட்டிலிலிருந்து மலைமேல் கார்லைல் வரை ஒரு பாதை. கார்லைலிலிருந்து மேற்கே திரும்பிக் கடலோரமாக பேரோ, ஆர்ன்சைட் வழியாக கார்ன்ஃபோர்த் வரை இன்னொரு பாதை. கார்ன்ஃபோர்த்திலிருந்து பென்தம் பாதை வழியாகச் செட்டிலின் பக்கத்து ஊரான கிகில்ஸ்விக்குக்கே திரும்பிவிடலாம். போன வழியில் ஒரு மைல்கூடத் திரும்ப வேண்டியதில்லை. முதல் பாதி மலை நாடு, இரண்டாம் பாதி கடல். கிராமத்துப் பப், கடலோரப் பப் என இரண்டையும் கேட்பவருக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இங்கிலாந்தில் எனக்குத் தெரியவில்லை.

செட்டில் கார்லைல் பாதை 1876-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. ரிபிள்ஹெட் பாலத்துக்கு 24 வளைவுகள், ஏறத்தாழ 400 மீட்டர் நீளம். அதைப் பழுதுபார்க்க ஆகும் செலவைக் காட்டியே 1980-களில் பாதையை மூடப் பார்த்தார்கள். ஆயிரக்கணக்கானோர் ஆட்சேபம் தெரிவித்தார்கள்; கட்டணம் செலுத்திப் பயணம் செய்தது என்ற தகுதியில் ருஸ்வார்ப் என்ற நாயின் பாத அச்சும் அவற்றோடு சேர்ந்தது. 1989-இல் மூடும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த நாய்க்கு கார்ஸ்டேல் நிலையத்தில் இப்போது வெண்கலச் சிலை நிற்கிறது. இந்தப் பாதையில் பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ரயில் வரும் என்பதால், டெவன் அளவுக்கு வசதியும் இல்லை, விட்பி அளவுக்குப் பயமும் இல்லை. கம்பத்தில் தகரக் கை ஏறி இறங்கும் பழைய கைகாட்டிகள் இந்த வளையத்தில் இன்னும் சில இடங்களில் வேலை செய்கின்றன. நம் ஊர்ப் பாதைகளில் அவை மறைந்ததைப் பார்த்த தலைமுறைக்கு அதற்காகவே ஜன்னலோர இருக்கை வேண்டும்.

இந்தப் பாதையில் நிலையத்தின் பெயரை நம்பி அறை எடுக்கக் கூடாது. டென்ட் நிலையம் கடல் மட்டத்துக்கு 1,150 அடி மேலே, இங்கிலாந்தின் பிரதானப் பாதைகளிலேயே உயரமான நிலையம். டென்ட் ஊரோ அங்கிருந்து நான்கு மைலுக்கு மேல், கீழே பள்ளத்தில். பாதையைப் போட்டவர்கள் ஊர்களைத் தேடிப் போகாமல், ஏற்றம் சீராக இருக்க மலையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனதன் விளைவு இது. கிர்க்பி ஸ்டீபனிலும் ஊர் ஒன்றரை மைல் தள்ளி இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, செட்டில் நிலையத்திலிருந்து ஊர்ச் சந்தைத் திடல் ஐந்து நிமிடம், பழைய வண்டிக்காலத்து விடுதிகள் அந்தத் திடலைச் சுற்றியே. ரிபிள்ஹெட்டில் ஸ்டேஷன் இன் என்ற பப், பெயருக்கேற்பச் சரிவின் அடியிலேயே நிற்கிறது. அதன் வாசலில் உட்கார்ந்தால் பாலம் முழுவதும் கண்ணில் படும். ஆனால் பாலத்தையும் காற்றையும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை. மழை பிடித்துக்கொண்டால், நடக்க முடியாத ஒருவரை அறையிலேயே உட்கார வைத்துவிடும் இடம் அது; எனவே பகல் உணவுக்கு ரிபிள்ஹெட், இரவுக்குச் செட்டில் என்று பிரித்துக்கொண்டேன்.

கார்லைலில் இரண்டு பாதைகளும் ஒரே நிலையத்தில் சந்திக்கின்றன. கடலோர ரயிலில் ஏறி, வலப்பக்கம் அமர வேண்டும். பார்ட்டனுக்கும் வைட்ஹேவனுக்கும் இடையே செங்குத்தான கரைக்கும் அலைக்கும் நடுவில் தண்டவாளத்துக்கு மட்டுமே இடம் இருப்பதால், ரயில் அங்கே மெதுவாகத்தான் போகும். இந்தப் பாதையின் பெரும்பகுதியில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமை ரயிலே கிடையாது. 2018 மே முதல்தான் ஓடுகிறது. பழைய வழிகாட்டி நூல்களை நம்பித் திட்டமிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ரேவன்கிளாஸ் வந்துவிடும்.

எனக்கு முடிவைச் சொன்ன ஊர் ரேவன்கிளாஸ். ஏரி மாவட்டத் தேசியப் பூங்காவுக்குள் உள்ள ஒரே கடற்கரைக் கிராமம் அது. எஸ்க் (விட்பிப் பக்கத்து எஸ்க் அல்ல, அதே பெயருள்ள வேறோர் ஆறு), மைட், இர்ட் என்ற மூன்று ஆறுகள் ஓரிடத்தில் கடலில் சேர்கின்றன. பழைய நிலையக் கட்டடமே ரேட்டி ஆர்ம்ஸ் என்ற பப்பாக மாறி நடைமேடையில் நிற்கிறது. ரயிலிலிருந்து இறங்கி உணவு மேசைக்குப் போக முப்பது அடி எடுத்து வைத்தால் போதும். தங்கும் விடுதிகள் உள்ள ஒரே முக்கியத் தெரு அங்கிருந்து சில நிமிடத் தட்டையான நடை. தெருவின் கோடியில் வீடுகள் முடியும் இடத்தில் நேராக ஆற்றுமுகத்தின் மணல். நீர் வற்றிய மாலையில் நான் அங்கே நின்றபோது, சேற்றில் சாய்ந்து கிடந்த படகுகளின் நங்கூரக் கயிறுகள் பாசி பிடித்துத் தரையோடு தரையாகக் கிடந்தன. இரவு உணவு முடித்து வந்து பார்த்தால் அதே படகுகள் நிமிர்ந்து மிதந்துகொண்டிருந்தன. ஊருக்கு வெளியே பத்து நிமிடத்தில், ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்துக்குச் சுவர்கள் நிற்கும் ரோமானியர் காலக் குளியல் மாளிகையும் உண்டு; காவலும் இல்லை, கட்டணமும் இல்லை.

பிரதான நிலையத்தை அடுத்தே குட்டி ரயிலின் நிலையம். இரும்புத் தாது இறக்க 1875-இல் போட்ட பாதையை, அது மூடிக் கிடந்தபின் 1915-இல் பதினைந்து அங்குல அகலத்துக்கு மாற்றி அமைத்தார்கள். நீலகிரி மலை ரயிலின் மீட்டர் பாதைகூட இதன் முன் அகலமாகத் தோன்றும். ஏழு மைல் தூரம் எஸ்க்டேல் பள்ளத்தாக்கில் ஏறி நாற்பது நிமிடத்தில் டேல்கார்த் போய்ச் சேர்கிறது. அங்கிருந்து பூட் கிராமத்துப் பப்புகள் சில நிமிட நடை. காலையில் கடலோரப் பப்பில் எழுந்து, மதியம் மலையடிவாரப் பப்பில் சாப்பிட்டு, மாலை மறுபடி கடலோரம் திரும்பலாம். பெட்டி இருந்த இடத்திலேயே இருக்கும். கார்ன்வாலில் இரண்டு மாற்றமும் அரை நாளும் கேட்கிற விஷயம் இது.

டிக்கெட் விஷயத்தில் மூன்று வழிகளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கான பிரிட்ரெயில் பாஸை அக்காவும் அத்தானும் வாங்கலாம், இங்கே வசிக்கும் நாங்கள் வாங்க முடியாது. நால்வரும் சேர்ந்தே போவதால், மூன்று முதல் ஒன்பது பேர் வரையிலான குழுவுக்கு நெரிசலற்ற நேர டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி தரும் குரூப்சேவ் எங்களுக்குப் போதும். டெவன் கார்ன்வாலுக்கென ஏழு நாளில் மூன்று நாளோ பதினைந்து நாளில் எட்டு நாளோ பயணம் செய்யத் தனி ரோவர் டிக்கெட் இருக்கிறது. நம் ஐந்து இரவுக் கணக்குக்கு இரண்டும் சரியாகப் பொருந்தவில்லை. ரேவன்கிளாஸ் குட்டி ரயிலுக்கு எந்த வழியிலும் தனியே டிக்கெட் எடுக்க வேண்டும்.

கடைசி முடிவை எடுத்தது கிழமைகள்தான். வார இறுதியில் பல பப்புகள் இரண்டு இரவுக்குக் குறைந்து அறை தருவதில்லை. ஞாயிறு மதியம் ரோஸ்ட் எனும் இறைச்சி விருந்து முடிந்ததும் அநேகச் சமையலறைகள் மூடிவிடுகின்றன. திங்கள் கதையை முன்பே சொன்னேன். ஆகவே பயணம் செவ்வாயில் தொடங்கி ஞாயிற்றில் முடிய வேண்டும், வெள்ளி சனி இரண்டும் ஒரே ஊரில் கழிய வேண்டும். வடமேற்கு வளையம் இதில் அளந்து தைத்தது போல உட்காருகிறது. செவ்வாய் செட்டிலில் சந்தை நாள். செவ்வாயும் புதனும் அங்கே. புதன் பகலில் ரிபிள்ஹெட். வியாழன் இரவு ஆப்பிள்பி. நிலையத்திலிருந்து ஊருக்கு இறக்கம் என்பதால், போகும்போது நடை, மறுநாள் காலை டாக்சி. வெள்ளியும் சனியும் ரேவன்கிளாஸ். ஞாயிறன்று கடலோரமாக ஆர்ன்சைட் வந்து, ஆற்றைப் பார்த்தபடி மதிய உணவு. அங்கே கடல் ஏறப்போவதை அறிவிக்கச் சங்கு ஊதுவார்கள். மாலைக்குள் லங்காஸ்டர் வழியாக லண்டன் ரயில். மே மாதக் கடைசி வாரம் பள்ளி விடுமுறை, ஜூன் தொடக்கத்தில் ஆப்பிள்பியில் குதிரைச் சந்தை, அப்போது அங்கே அறையே கிடைக்காது. இரண்டுக்கும் முன்னால் மே மாத நடுவில் போய்விட்டால் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சமும் இருக்கும்.

மூன்றே இரவுதான் இருக்கிறது என்பவர்களுக்கும், குளிர்ந்த நடைமேடையில் ஒரு மணி நேரம் காத்திருக்க முடியாத முதியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கும், டாப்ஷாமில் அறை எடுத்து எக்ஸ்மவுத் பாதையிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருங்கள் என்றுதான் சொல்வேன். அத்தானின் முழங்கால் அவ்வளவு மோசமில்லை.

ரேவன்கிளாஸ் விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, இரண்டு அறைகளில் ஒன்று தரைத்தளத்தில் கிடைக்குமா என்று கேட்டேன். மாடியில்தான், ஆனால் பதின்மூன்று படிகள், இரு பக்கமும் கைப்பிடி என்றார்கள். அக்காவிடம் சொன்னபோது, "நம்ம வீட்டு மாடிக்கே பதினெட்டு" என்றாள்.